பழைய கூண்டு அடுப்புக்குள் இரும்புப் பெட்டி: ஒன்றேகால் வருஷம் எரித்த பிறகு

எங்கள் வீட்டுப் பழைய விறகு அடுப்பின் புகைக்காக, கதவு வைத்த இரும்புப் பெட்டி ஒன்றை அதற்குள் பொருத்தினோம், அதன் கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டி நல்ல பெட்டி. பொருத்திக் கொடுத்த லட்சணத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பட்டறையின் பெயரைப் போடவில்லை. கடைசியில் பட்டறைக்காரத் தம்பியே வந்து பாதியைச் சரிசெய்து கொடுத்தார், இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது. ஆனால் பழைய வீட்டு அடுப்பங்கரையில் இப்படி ஒன்று வைக்கலாமென்று யாராவது நினைத்தால், நான் பட்டதை அவர்களும் பட வேண்டாமே என்றுதான் இவ்வளவு நீளம்.

வீடு ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில், புது ஆற்றுப் பாசனம். காகிதத்தில் கல்லணைக் கால்வாய் என்று இருக்கும், ஊரில் அப்படிச் சொன்னால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். 1934-ல் கால்வாய் திறந்த பிறகு கையில் கொஞ்சம் காசு புழங்கி மாமனாரின் அப்பா கட்டியது. நாட்டு ஓடு, சுண்ணாம்புக் காரை, நடுவில் முற்றம். அடுப்பங்கரையில் இடுப்பளவுக்கு மேடை, மேடைக்கு மேல் புகையைப் பிடிக்கச் செங்கல்லில் கூண்டு, கூண்டிலிருந்து ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரத்தில் புகைபோக்கி கூரையைத் தாண்டிப் போகும். சின்னப் பையன் உள்ளே ஏறி மேலே வந்துவிடலாம், என் கொழுந்தன் ஒரு தடவை ஏறியிருக்கிறாராம்.

கேஸ் இல்லாமல் இல்லை. காபி, தாளிப்பு, அவசரத்துக்குத் தோசை எல்லாம் அதில்தான். உலை வைப்பதும் வெந்நீர் போடுவதும் புளிக்குழம்பும் விறகில் என்பது மாமியார் போட்ட சட்டம். அத்தைக்கு எழுபத்தாறு வயது. கஜா புயல் அடித்தபோது, 2018 நவம்பர் 16 விடியற்காலை, எங்கள் தோப்பில் நூற்றுப் பத்துத் தென்னையில் முப்பத்தெட்டுதான் நின்றது. கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது, சாலையெல்லாம் மரம் கிடந்ததால் சிலிண்டர் வண்டியும் வரவில்லை, தெருவில் ஏழு வீட்டுக்கு இந்த ஒரு அடுப்பில்தான் சோறு வெந்தது. அதற்குப் பிறகு அடுப்பை இடித்துவிட்டு மேடையில் கிரானைட் போடலாம் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. விறகுக்கும் குறைவில்லை. ஒரு தென்னை மாதம் ஒரு மட்டை போடும், கூடவே பாளை, பன்னாடை, கொட்டாங்குச்சி.

எனக்குப் பிரச்சினை புகைதான். கூண்டு இருந்தும் பாதிப் புகை அடுப்பங்கரையில்தான் சுற்றும், அத்தைக்கு விடியற்காலை இருமல், எனக்குக் கண்ணெரிச்சல், வெள்ளையடித்த சுவர் ஆறு மாதத்தில் பழுப்பு. பக்கத்து வீட்டில் 1980-களில் அரசாங்கத் திட்டத்தில் கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்பு ஒன்று இருந்தது, ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வைத்தது. இரண்டு வருஷம் நன்றாக எரிந்ததாம், அப்புறம் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல் கரி அடைத்து, புகையெல்லாம் திரும்பி வீட்டுக்குள் வர ஆரம்பித்ததும் உடைத்துப் போட்டுவிட்டார்கள். அதனால் நான் பேச்செடுத்தபோதெல்லாம் அத்தை அந்தக் கதையைத்தான் சொன்னார்கள்.

பிறகு எப்படியோ தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பட்டறை கிடைத்தது. அந்தத் தம்பி கொடைக்கானல், ஊட்டி பங்களாக்களில் இருக்கும் பழைய கணப்புகளுக்குள் வைக்கிற இரும்புப் பெட்டி செய்கிறவர். கணப்பு என்பது சுவருக்குள் திறந்து எரியும் நெருப்புதானே, பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும், போகும்போது அறையில் இருக்கிற சூடான காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதே பொந்துக்குள் கதவு வைத்த பெட்டியைச் செருகி, காற்று போகும் வழியை ஒரு பட்டையால் கூட்டிக் குறைத்தால் விறகு நின்று எரியும், சூடு அறைக்கு வரும். இதைத்தான் அவர் மலைக்குச் செய்துகொண்டிருந்தார். எங்கள் கூண்டைப் போட்டோவில் பார்த்ததும், "இதுவும் கணப்பு மாதிரிதான்க்கா, மேலே ஓட்டை போட்டுச் சட்டி வைக்கிற மாதிரி பண்ணிடலாம்" என்றார். பேச்சு சரியாகத்தான் இருந்தது. சட்டி வைக்கிற மாதிரி என்று அவர் லேசாகச் சொன்ன இடத்தில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது என்பது அப்புறம் தெரிந்தது.

பெட்டியைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். 4 மி.மீ. தகடு, வெல்டிங் ஒரே சீராக இருக்கிறது, உள்ளே மூன்று பக்கமும் ஃபயர் பிரிக் என்கிற தீ தாங்கும் செங்கல், அடியில் வார்ப்பிரும்புச் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் விழ இழுப்பறை. கதவைச் சுற்றி வெள்ளைக் கயிறு ஒன்று ஓடுகிறது, சூட்டுக்குத் தாங்குகிற செராமிக் கயிறு, கதவைச் சாத்தினால் சொத்தென்று உட்காரும். காற்றுக்கு இரண்டு வழி. கீழே பட்டையை இழுத்தால் விறகுக்கு அடியில் போகும். பின்பக்கம் மேலே வரிசையாகச் சின்ன ஓட்டைகள், அதன் வழியாக வரும் காற்று ஏற்கெனவே சூடாகி வந்து புகையின் மேல் படும், புகையே தீப்பிடித்து எரியும். இது கண்ணுக்குத் தெரிகிறது. அடுப்பு நன்றாகச் சூடேறிய பிறகு கதவை லேசாகத் திறந்து பார்த்தால் விறகைத் தொடாமல் மேலே தனியாக ஒரு சுடர் ஆடும். கண்ணாடிக் கதவு வேண்டுமா, 2,500 அதிகம் என்றார். எங்கள் வீட்டில் யார் அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரப் போகிறார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். பெட்டி மட்டும் 21,000.

மலையில் இந்தப் பெட்டியின் பெருமையே அறையைச் சூடாக்குவதுதான். ஒரத்தநாட்டில் சித்திரை மாதம் அறையைச் சூடாக்க ஒரு சாதனம் எதற்கு? இதை நான் கேட்டபோது தம்பி கொஞ்சம் விழித்தார், அவர் இதுவரை யோசித்ததில்லை. கடைசியில் வழி சொன்னது அத்தை. பெட்டிக்கும் மேடைச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டு அதில் உமிச்சாம்பலைப் போட்டு நிரப்பு என்றார்கள். அரிசி ஆலையில் கொதிகலனிலிருந்து அள்ளிக் கொட்டுகிறார்கள், ஆறு மூட்டை, வண்டி வாடகைதான் செலவு. அதில் பெரும்பங்கு சிலிக்கா, அதற்குள் காற்று அடைபட்டுக் கிடக்கிறது, சூடு அவ்வளவு எளிதில் தாண்டாது. அந்தக் காலத்தில் ஐஸ் பாரை உமியில் புதைத்து வைத்ததும் இதே கணக்குதானே. இப்போது உள்ளே நெருப்பு தகதகவென்று எரிகிறபோதும் மேடையின் பக்கச் சுவரில் கையை வைக்கலாம். முன்பக்கக் கதவு மட்டும் அனல், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, சேலையைச் செருகிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

சரி, பொருத்திய கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஆவணியில் வந்தார்கள். பெட்டியை மேடைக்குள் இறக்கினார்கள், பெட்டி முதுகில் இருந்த ஆறு அங்குல வாயில் மூன்றடிக் குழாயைச் சொருகி, அதைக் கூண்டுக்குள் நீட்டிவிட்டு, "முடிஞ்சதுக்கா, இனிமே பழைய புகைபோக்கியே பாத்துக்கும்" என்றார்கள். விளிம்பைப் பூச எங்கள் ஊர்க் கொத்தனார். அவரிடம் சுண்ணாம்பு போடுங்கள் என்றேன். "தங்கச்சி, இப்ப யாரு சுண்ணாம்பு குழைக்கிறா" என்று சிமெண்டை இறுக்கிப் பூசிவிட்டுப் போனார்.

ஒரே வாரம். மூன்று இடத்தில் வெடிப்பு. இரும்பு சூட்டில் நீளும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தண்டவாளத்துக்கு நடுவில் இடைவெளி விடுவார்கள் என்று பரீட்சையில் எழுதிய ஞாபகம்கூட இருக்கிறது, ஆனால் வீட்டு அடுப்புக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டடிப் பெட்டி முந்நூறு டிகிரி ஏறினால் இரண்டு மி.மீ. நீளும். செங்கல் அதில் பாதிகூட நீளாது. நடுவில் சிமெண்டு இறுகி நின்றால் என்ன செய்யும், வெடிக்கத்தான் செய்யும். பூச்சை உடைத்துவிட்டு, பெட்டியைச் சுற்றி விரல்கடை இடம் விட்டு அதில் கதவுக்குப் போட்ட அதே செராமிக் கயிற்றை வைத்து, வெளியே களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்து நானும் சித்தாளுமாகப் பூசினோம். அது இன்றுவரை நிற்கிறது. கொத்தனார் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

வெடிப்பு சின்ன விஷயம். பெரிய கூத்து ஐப்பசியில்.

மழை பிடித்த நாலாம் நாள் காலையில் அடுப்பு மேடையில் கறுப்பாக, பிசுபிசுவென்று, கருப்பட்டிப் பாகு மாதிரி சொட்டிக் கிடந்தது. நாற்றம் வேறு, மீன் வாடி எரிந்த மாதிரி. துடைத்தேன். மறுநாள் மறுபடியும். கூண்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சுவர் முழுக்க மினுமினுவென்று தார். அடுப்பங்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாமான் அறையில், பழைய காரை விட்டுப்போன இடத்தில், புகை கசிந்து நெல் மூட்டையெல்லாம் வாடை. அத்தை ஒன்றும் பேசவில்லை, பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள், அது போதும்.

நான் போன் செய்தால் தம்பி விறகு ஈரம் என்றார். ஈரம்தான், ஐப்பசியில் எந்த விறகு காய்ந்திருக்கும், ஆனால் அது பாதிக் காரணம். மீதியை நானே தோண்டித் துருவித் தெரிந்துகொண்டேன். பழைய புகைபோக்கி அவ்வளவு அகலமாகக் கட்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. திறந்த அடுப்பில் புகையோடு அறைக் காற்றும் கூட்டமாக மேலே போகும், அதற்கு அகலம் வேண்டும். கதவு போட்ட பெட்டியிலிருந்து வருவது கொஞ்சம் புகை, சூடும் குறைவு, ஏனென்றால் சூட்டைச் சட்டி பிடித்துக்கொண்டது. அந்தக் கொஞ்சப் புகை ஆறு அங்குலக் குழாயை விட்டு ஒன்றரையடிப் பொந்துக்குள் வந்ததும் வேகம் செத்துவிடும். நின்று நிதானமாக ஏறும், மழையில் நனைந்த செங்கல் சுவரில் படும், குளிரும், அதிலிருக்கிற நீராவியும் தாரும் அப்படியே சுவரில் படிந்து வழியும். ஒருநாள் அந்தத் தார் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், கூரையில் இருப்பது மூங்கிலும் பனஞ்சட்டமும். மலையில் பங்களாவுக்குப் போடும்போது குழாயை உச்சிவரை கொண்டுபோவீர்களா என்று தம்பியிடம் கேட்டேன். "அங்கெல்லாம் போடுவோம்க்கா" என்றார். இங்கே ஏன் போடவில்லை? "பட்ஜெட் கம்மியா சொன்னீங்களேக்கா." நான் பட்ஜெட் சொன்னது நிஜம். குழாய் இல்லாவிட்டால் இது ஓடாது என்று அவர் சொல்லாததும் நிஜம். எனக்கு இந்தப் பட்டறை மேல் இருக்கிற ஒரே பெரிய வருத்தம் இதுதான், பெட்டி விற்பது ஒருத்தர் பாடு, புகைபோக்கி கடவுள் பாடு என்று விட்டுவிடுகிறார்கள்.

தையில் வந்து முழுக்குழாய் போட்டார்கள். 304 கிரேடு எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு, ஆறு அங்குலம், பதின்மூன்றடி, குழாய்க்கு 6,500, கூலியில் பாதியைத் தம்பி விட்டுக்கொடுத்தார். கூண்டுக் கழுத்தில் குழாயைச் சுற்றி ஒரு தகடு போட்டு அடைத்து, அதற்கு மேல் இருந்த வெற்றிடத்திலும் உமிச்சாம்பல். இதற்கு முன்னால் பழைய சுவரைச் சுரண்டி எடுத்தோம், இரண்டு வாளித் தார்க்கரி, ஒரு மைனாக்கூடு, என் கொழுந்தன் தொலைத்த பம்பரமா என்று தெரியாத ஒரு மரக்கட்டை.

இங்கும் ஒரு சண்டை. வந்த பையன் குழாய்த் துண்டுகளைக் கீழ்த்துண்டு மேல்துண்டுக்குள் போகிற மாதிரி மாட்டினான். புகை மேலேதானே போகிறது, அப்படி மாட்டினால்தான் இணைப்பில் கசியாது என்பது அவன் கணக்கு. கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் தலைகீழ். அடுப்பு இழுக்கும்போது குழாய்க்குள் வெளியைவிட அழுத்தம் குறைவு, இணைப்பில் காற்று உள்ளேதான் போகும், புகை வெளியே வராது. சொட்டுகிற தார்தான் கீழே வரும், அது குழாய்க்கு உள்ளேயே வழிய வேண்டுமென்றால் மேல்துண்டு கீழ்த்துண்டுக்குள் இறங்க வேண்டும். கழற்றி மாட்டச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டினான், காபி கொடுத்த பிறகு சரியானான். ஓட்டில் ஏறியதில் பதினேழு ஓடு போச்சு. நாட்டு ஓடு இப்போது எங்கே கிடைக்கிறது, இடித்த வீடு எங்கே இருக்கிறது என்று விசாரித்து வாங்கி வந்தோம்.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் வீட்டுக்காரர் அடுப்பங்கரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி வைத்திருந்தார், புகையை வெளியே தள்ளுவதற்கு. குழாய் போட்ட பிறகும் சில நாள் கதவைத் திறந்தால் புகை குப்பென்று முகத்தில் அடிக்கும், சில நாள் அடிக்காது, ஒரு வாரம் புரியவே இல்லை. ஃபேன் ஓடினால் அறையிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது, சன்னலும் கதவும் சாத்தியிருந்தால் அந்தக் காற்றுக்கு ஈடு எங்கிருந்து வரும், புகைபோக்கி வழியாகத்தான் கீழே வரும். மழைநாளில் சன்னலைச் சாத்துவோம், அன்றைக்குப் புகை. இப்போது அடுப்பு எரியும்போது ஃபேனுக்கு ஓய்வு, கொல்லைப்பக்கச் சன்னல் எப்போதும் ஒரு கதவு திறந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற புகையைவிடத் தெரியாத கார்பன் மோனாக்சைடுதான் ஆளைக் கொல்லும், அதனால் இதில் மட்டும் நான் கறார்.

அதற்குப் பிறகு ஆடிக் காற்று வந்தது, குழாய் முகட்டைவிட இரண்டடி உயரமாக இருப்பதால் திருப்பி அடிக்கவில்லை. மார்கழிப் பனியில் மட்டும் ஒரு வேலை. விடியற்காலையில் குழாய்க்குள் குளிர்ந்த காற்று கட்டியாக உட்கார்ந்திருக்கும், விறகைப் பற்றவைத்தால் புகை அதை முட்டித் திரும்பும். முதலில் ஒரு பன்னாடையைச் சுருட்டிப் பற்றவைத்துக் குழாய் வாய்க்குக் கீழே காட்டினால் போதும், அரை நிமிஷத்தில் உர்ரென்று இழுக்க ஆரம்பிக்கும். இந்தச் சத்தம் அத்தைக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சமையல் எப்படி என்றால், உலை சீக்கிரம் கொதிக்கிறது, விறகு முன்பு எரித்ததில் பாதிகூட இல்லை. காய்ந்த விறகு ஒரு கிலோவில் இருக்கும் சூடு, கேஸ் ஒரு கிலோவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், அதிலும் திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போனாலே பெரிது, மீதியெல்லாம் நம் முகத்துக்கும் ஓட்டுக்கும். இதில் எவ்வளவு போகிறது என்று அளக்க என்னிடம் கருவி கிடையாது, ஆனால் முப்பத்தெட்டு மரத்து மட்டையில் இந்த வருஷம் நாலில் ஒரு பங்கு மிச்சமாகி மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் முன்பு ஒரு மாதம் வரும், இப்போது இரண்டு மாதம் தாண்டுகிறது, வெந்நீரும் பால் காய்ச்சுவதும் இதற்கு மாறியதால்.

குறைகளும் உண்டு. கதவு இருப்பதால் நீள விறகை வெளியே நீட்டிவிட்டு எரிய எரியத் தள்ளுகிற பழைய சௌகரியம் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒன்றரையடிக்கு வெட்ட வேண்டும், மட்டை வெட்டுவது லேசான வேலை இல்லை, வாரத்துக்கு ஒரு ஆள் அரைநாள். உரிமட்டை போட்டால் கனன்றுகொண்டே கிடக்கும், சுடர் வராது, புகைதான், அதை இந்தப் பெட்டியில் எரிக்கவே கூடாது. கொட்டாங்குச்சி எண்ணெய்ப் பசையோடு சீறி எரியும், இரண்டு மூன்றுக்கு மேல் போட்டால் மேல்தகடு சிவந்துபோகிறது. சவுக்குதான் உத்தமம், பிளந்து ஆறு மாதம் நிழலில் காய்ந்தது. அடைமழைக்கு முன்னால் கூண்டுப் பரணில் ஏற்றி வைத்துவிடுகிறோம், கீழ்ச்சூட்டிலேயே காய்ந்துவிடும். தோசை, அப்பளம் சுடுவது இதெல்லாம் வேண்டாம், தீயைப் பட்டை இழுத்துக் குறைத்தாலும் இரும்பு உடனே ஆறாது. சட்டி அடியில் கரி பிடிப்பது குறைந்திருக்கிறது, போகவில்லை. சாம்பல் நல்ல வெள்ளைச் சாம்பல், பாத்திரத்துக்கும் முருங்கைக்கும் போகிறது.

குழாயை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்கிறோம். தேங்காய் நார்ப் பந்தைக் கயிற்றில் கட்டி நடுவில் ஒரு கல், மேலிருந்து விட்டு இழுத்தால் ஒரு கைப்பிடிக் காய்ந்த கரி விழும். பிசுபிசுப்பு ஒரு தடவைகூட இல்லை. உச்சியில் மழைக்குத் தொப்பியும் வலையும் போட்டிருக்கிறோம், அந்தத் தொப்பியைக் குரங்கு ஒருமுறை கழற்றிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் வைத்துவிட்டது. இப்போது போல்ட்டு போட்டாயிற்று.

மொத்தம் பெட்டி 21,000, குழாய் 6,500, இரண்டு தடவை கூலி, உடைந்த ஓடு, கயிறு எல்லாம் சேர்த்து 36,000 சொச்சம். முதல் தடவையே முழுக்குழாயோடு போட்டிருந்தால் ஐயாயிரமாவது மிஞ்சியிருக்கும், ஒரு மாத நாற்றமும் மிஞ்சியிருக்கும். பெட்டிக்கு ஐந்துக்கு நாலரை, பொருத்தியதற்கு ஒன்றரை, திரும்பி வந்து நின்றதற்காக அதில் அரை சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஐப்பசி மழையிலும் மேடை காய்ந்தே இருந்தது. போன வாரம் அத்தை கொல்லையில் இருக்கிற வெந்நீர் அடுப்பைக் காட்டி, இதுக்கும் அந்தப் பையன்கிட்ட ஒரு பெட்டி கேளு என்றார்கள். நான் போனை எடுத்ததும் பின்னாலிருந்தே குரல் கொடுத்தார்கள்: "குழாயோட சேத்து விலை சொல்லச் சொல்லு, உச்சி வரைக்கும்."